குப்புறப் படுத்துப் பார்த்த கடல்

பெரியண்ணன் யாருக்கும் தலை குனியாத மனுஷன் என்று சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாதிப் பேர் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். மீதிப் பேர் அவருடைய காய்கறிக் கடையில் பேரம் பேசிப் பார்த்தவர்கள். அப்பேர்ப்பட்டவரைத்தான் ஒரு வாரம் குனிந்த தலை நிமிராமல் இருக்கச் சொல்லிவிட்டார் கண் டாக்டர் அல்ஃபியா. சாப்பிடும்போதும் குனிந்துதான் சாப்பிட வேண்டும், தூங்கும்போதும் குப்புறத்தான் தூங்க வேண்டும்.

வலது கண்ணில் விழித்திரை பிய்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்து, அது ஒட்டிக்கொள்வதற்காகக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டிருந்தார்கள். தலை குனிந்திருந்தால் குமிழி மேலே எழும்பித் திரையை அழுத்திப் பிடிக்கும். நிமிர்ந்தால் பிடி நழுவிவிடும். இடது கண் சின்ன வயதிலேயே சோளத்தட்டை குத்திப் போனது. "இருக்கிறது இந்த ஒரு கண்ணுதாம்மா. நீங்கதான் பாத்துக்கணும்" என்று டாக்டர், பெரியண்ணனின் மனைவி விஜயராணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் சரி சரியென்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். ஸ்ரீரங்கத்தில் வீடு வந்து சேரும்வரை ஆட்டோவில் அவர் பிடரியை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கடையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கிரேட்டுகளை வரவழைத்துக் கூடத்தில் அடுக்கினாள். மேலே தலையணையை வைத்து, அதில் அவர் நெற்றியைச் சாய்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தாள். நாற்காலியில் உட்கார்ந்து குனிந்தால் அவருக்குத் தெரிவது தரை மட்டும்தான். அதுவும் மங்கலாக. முதல் நாள் சமாளித்தார். இரண்டாம் நாள் மத்தியானம் அவள் ரசத்தை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தால், மனுஷன் டிவியைப் போட்டுவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க! அறிவு இருக்கா உங்களுக்கு?"

"இந்தத் தரையை எவ்வளவு நேரம்தான் பாக்குறது விஜயா? போற கண்ணு போகட்டும் விடு."

போகட்டுமாம். இந்த ஆளுக்குப் பிடிவாதம் வந்துவிட்டால் கொட்டிவிட்ட வெங்காய மூட்டை மாதிரிதான், அள்ளி முடிக்க முடியாது.

டிவியில் ஓடியது கடல் படம். அது அவருடைய பைத்தியம். வேளாங்கண்ணிக்கு டூர் போனபோது கணுக்கால் நனைத்ததோடு சரி, ஆனால் மத்தியானம் கடையை மூடிவிட்டு வந்தால் ஆழ்கடல்தான். தமிழில் ஒருவர் கனத்த குரலில் பேசிக்கொண்டே போவார். "அங்க பாரு, அம்மாம் பெரிய கடல்ல ஒருத்தனும் பேரம் பேசல" என்பார் பெரியண்ணன். பிறந்த வீடும் புகுந்த வீடும் சைவம் என்பதால், மீனே வாங்காத வீட்டில் இத்தனை மீனா என்று விஜயராணி அந்தப் பக்கமே திரும்பமாட்டாள்.

"குனிஞ்சுக்குங்க. காதால கேளுங்க" என்றாள்.

"அந்த ஆளு 'இதோ பாருங்கள்' 'இதோ பாருங்கள்'ங்கிறான். எதைப் பாக்குறது?"

"நான் சொல்றேன். நீங்க குனிங்க முதல்ல."

அவர் குனிந்தார். அவள் டிவிக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பேர் ஊர் தெரியாத ஜந்துக்களை எப்படிச் சொல்வது? தெரிந்ததை வைத்துத்தான் சொல்ல முடியும்.

"ஒண்ணு வருதுங்க. பாகற்காய் மாதிரி. பாகற்காய்க்கு வரி வரியா இருக்குமில்ல? அந்த வரியிலெல்லாம் கலர் லைட்டு ஓடுது."

"நாட்டுப் பாகற்காயா, பெரிசா?"

"பெரிசு. ஆனா கண்ணாடியில செஞ்சது. உள்ள இருக்கிறதெல்லாம் தெரியுது."

"ம்."

"இப்ப திமிங்கலம். ஐயய்யோ, எல்லாம் நட்டுக்குத்தலா நின்னுக்கிட்டுத் தூங்குதுங்க! முருங்கைக்காயை வாளியில நிறுத்தி வச்ச மாதிரி."

"தூங்கும்போது கூடக் குப்புறப் படுக்கலை பாரு, கொடுத்து வச்சது."

"வாயை மூடுங்க. இது என்னங்க கண்றாவி! கருணைக்கிழங்கை மண்ணோட பிடுங்கி, அதுக்கு ஒரு வாயை வச்ச மாதிரி. நெத்தியில ஒரு குச்சி. குச்சி நுனியில சீரியல் பல்பு."

பெரியண்ணனின் முதுகு குலுங்கியது. பதறிப்போய்ப் பார்த்தாள், சிரிக்கிறார். தலையை மட்டும் தூக்கவில்லை. விஜயராணிக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் இதுதான். அக்கம்பக்கத்தில் என்ன நினைத்தார்களோ, வீட்டுக்குள்ளிருந்து பூசணி நீந்துகிறது, தண்டுக்கீரை துரத்துகிறது என்று சத்தம் கேட்டபடி இருந்தது.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, ஆக்டோபஸ் ஒன்று பாறை இடுக்கில் நுழையும் நேரத்தில் கரண்டு போய்விட்டது. டிவி அணைந்தது. தலைக்கு மேலே ஃபேன் கடகடத்து நின்றது. அவர் கழுத்து லேசாக அசைவதைப் பார்த்தாள். நிமிரப் போகிறார். அவள் யோசிக்கவே இல்லை.

"அடுத்தது ஒரு மீனுங்க" என்றாள்.

அவர் கழுத்து அப்படியே நின்றது. ஃபேன் நின்றது தெரியாத அளவுக்கு அவர் ஒன்றும் மரக்கட்டை இல்லை, நெற்றி வேர்வை தலையணையில் இறங்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும், "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"சொரசொரன்னு, பரங்கிக்காய்த் தோலு மாதிரி. அதுக்குக் கண்ணு தெரியலைங்க."

"அப்புறம் எப்படிப் போவுது, வருது?"

"ஜோடி மீன் ஒண்ணு முன்னாடி போவுது. இது அது வாலைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே வருது."

அவர் நெற்றியைத் தலையணையில் இன்னும் நன்றாக அழுத்திக்கொண்டார்.

"அந்த ஜோடி சலிச்சுக்காதா?"

"சலிச்சுக்கும். வாய்க்கு வந்தபடி திட்டும். ஆனா விட்டுட்டுப் போவாது."

"ம்" என்றார் பெரியண்ணன். தலையை அணுவளவும் தூக்கவில்லை. கரண்டு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவள் அந்த இரண்டு மீன்களையும் கடல் முழுக்க அழைத்துக்கொண்டு போனாள்.

வாரம் முடிந்து டாக்டர் பார்த்தார். ஒட்டியிருக்கிறது என்றார். குமிழி கரைகிறவரை கண்ணுக்குள் தண்ணீர் தளும்புகிற மாதிரிதான் இருக்கும், மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும் என்றார். எவ்வளவு தெளியும் என்று விஜயராணி கேட்டாள். பொறுத்துத்தான் பார்க்கணும் என்று சொல்லிவிட்டார். அவள் பொறுத்தாள். தினமும் காலையில் அவர் முகத்தைப் பார்ப்பாள், எதுவும் கேட்கமாட்டாள்.

ஒரு நாள் காலை அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெரியண்ணன் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"விஜயா, அசையாத. அப்படியே இரு."

"என்னங்க?"

"மேல பாதி தெளிஞ்சிருக்கு. கீழ பாதிதான் தண்ணி ஆடுது."

கீரை கையிலிருந்து விழுந்தது. "என்ன தெரியுது? சொல்லுங்க."

"வகிடு தெரியுது. ரெண்டு பக்கமும் நல்லா நரைச்சிருக்கு. இது எப்ப?"

"அது கெடக்கு. அப்புறம்?"

"நெத்தி. பொட்டு கோணலா வச்சிருக்க. புருவம்." அவர் ஓரடி கிட்டே வந்தார். "கண்ணுக்கிட்ட வந்ததும் தண்ணியாத் தெரியுது. இது என் கண்ணுல ஆடுறதா, உன் கண்ணுலயா?"

எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள். பழக்கத்தில் இன்னும் பாதி குனிந்தே இருந்த அவர் மோவாயைக் கீரை மண் ஒட்டிய கையால் பிடித்து உயர்த்தினாள்.

"தலையை நிமித்துங்க. நிமித்தி நல்லாப் பாருங்க."