பிரீமியம் பெட்ரோலும் கல் பதித்த தெருவும்

1

சகல வாகன ஓட்டிகளுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: பிரீமியம் பெட்ரோல் போடலாமா, வேண்டாமா என்ற மனித நாகரிகத்தின் தலையாய கேள்விக்கு இக்கதையில் இறுதித் தீர்ப்பு வழங்கப்படும். எழுந்து நின்று கேட்க விரும்புவோர் நிற்கலாம்.

இப்போது உண்மை. ஒரு வாகனப் பத்திரிகையின் ஆசிரியர் எண்ணூறு சொல்லில் கட்டுரை கேட்டார். கிண்டலாக இருக்கட்டும் என்றார். இருபது வருடமாக ஊரைக் கிண்டல் செய்தே பிழைப்பவனுக்கு அது ஒரு காலைப்பொழுது வேலை. உட்கார்ந்து எழுதினேன்:

"பழைய பைக்குக்குப் பிரீமியம் ஊற்றுபவர்களில் மூன்று வகை உண்டு. முதல் வகையினர்"

அதோடு நின்றுவிட்டது. முதல் வகையில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். என் அத்தான், அக்காவின் கணவர். ஆகவே கட்டுரை கதையாகிவிட்டது.

2

முதல் வரைவில் அவரைத் தையற்காரர் ஆக்கினேன். படித்தால் தன்னை அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதே என்பதற்காக. தையற்காரர் நான்கு வரிகூடத் தாங்கவில்லை. இந்தக் கதைக்கு அதிர்வைக் கையில் உணர்கிற ஆள் வேண்டும். அத்தான் கண்ணாடி வெட்டுபவர். கண்ணாடி மேல் விரலை ஓட்டியே கண்ணுக்குத் தெரியாத கீறலைச் சொல்லிவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. என் எழுத்து எதில் வந்தாலும் கத்தரித்து, கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பார். அளவு கொடுக்க வருகிறவர்கள் என்னைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். இதுவும் அங்கே போகும். அதுதான் இப்போதைய சிக்கல்.

3

அக்காவுக்கு இடுப்பெலும்பில் புற்றுநோய்.

(இந்த வாக்கியத்தை ஒன்பது விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றிலும் நகைச்சுவை ஒட்டவில்லை.)

முப்பது நாள் கதிர்வீச்சு. கார் கதவை மூடினாலே அவளுக்குக் குமட்டும். அதனால் அத்தானின் பழைய நூறு சிசி பைக்கில், பின்னிருக்கையில் தலையணை கட்டிப் போய்வந்தாள். முதல் ஆறு நாள், இறங்கும்போதெல்லாம் முகம் வெளுத்திருக்கும்.

ஏழாம் நாள் தெருமுனை பெட்ரோல் பங்கில் ஏதோ பழுது. கயிறு கட்டி மூடிவிட்டார்கள். அத்தான் சுற்றிக்கொண்டு வெளிவட்டச் சாலையிலிருந்த பெரிய பங்குக்குப் போனார். அங்கே சாதாரணப் பெட்ரோல் தீர்ந்து பிரீமியம் மட்டும் இருந்தது. வேறு வழியின்றி அதையே ஊற்றிக்கொண்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனார். இறங்கும்போது அக்கா சொன்னாள்:

"இன்னிக்கு வண்டி ஆடவே இல்லியே."

ஹாண்டில்பாரில் தன் கைக்கும் நடுக்கம் தெரியவில்லையாம்; அன்று அத்தான் பிரீமியத்தின் பக்தரானார். தெருமுனை பங்கு திறந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போக வரப் பெரிய பங்கு வழிதான், தினம் ஒரு லிட்டர். தேங்கினால் வீரியம் போய்விடுமாம். இந்த மகத்தான கண்டுபிடிப்புக்கு விஞ்ஞான உலகம்

(வேண்டாம். விரல்களுக்குப் பழக்கம் விடவில்லை.)

4

பத்தொன்பதாம் முறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. அத்தான் பிரீமியத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பொறுத்திருக்கலாம். அரைகுறையாகப் படித்தவனுக்குப் பொறுமை ஏது?

தம்ளரைச் சிலிண்டர் ஆக்கி, கரண்டியைப் பிஸ்டன் ஆக்கி, ஏற்றி இறக்கி விளக்கினேன். ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் பலம் அல்ல. எவ்வளவு அழுத்தினாலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்கிற கணக்கு. அதிகம் அழுத்தும் என்ஜினுக்கு அது வேண்டும். இந்த பைக் அழுத்துவதே கொஞ்சம். இதற்குப் பிரீமியம் ஊற்றுவது கொசுவலைக்குப் பூட்டுப் போடுகிற மாதிரி.

கடைசி உவமையில் எனக்கு அபார திருப்தி. (சொன்னது அத்தனையும் சரி என்பதை இன்றும் பதிவு செய்கிறேன்.)

அத்தான் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் கேட்டாள்.

"அப்ப ஆடாம இருந்தது?"

"அது மனசுதான், அக்கா. காசு கூடன்னா ஒஸ்தின்னு மனசு நம்பிக்கும்."

அவள் சிரித்தாள். "சரிடா. இனிமே மனச ஆடாம வெச்சுக்கறேன்."

மறுநாள் தெருமுனை பங்கில் டேங்கை நிரப்பினார்கள். மீதிப் பதினொரு முறையும் வண்டி ஆடுகிறது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி படித்தவன். இரண்டு மாதத்தில் இறந்துபோனாள்.

5

இங்கே கதை முடிந்திருந்தால் நான் யோக்கியன். ஆனால் போன மாதம் என் காருக்கு இருமல் வந்தது. மேடு ஏறினால் என்ஜினுக்குள் யாரோ கதவு தட்டுகிற சத்தம். மெக்கானிக் கையேட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"இத ஒரு தடவையாவது தொறந்து பாத்தீங்களா சார்? இந்த டர்போவுக்கு பிரீமியம்தான் போடணும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான்."

எங்கள் குடும்பத்தில் பிரீமியம் தேவைப்பட்ட வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என்னுடையது.

பெரிய பங்குக்குப் போனேன். வெளிவட்டச் சாலை போட்ட நாளிலிருந்தே வழுவழுத் தார். பங்கைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆஸ்பத்திரியின் பின்வாசல். என் தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் வைத்திருந்தாலும் சிந்தியிருக்காது.

திரும்பும்போது குறுக்குவழியில் வந்தேன். தெருமுனை பங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி அது. தெரு முழுக்க அந்தக் காலத்திலேயே சின்னச் சின்னக் கல் பதித்திருக்கிறார்கள். பள்ளம் இல்லை, குழி இல்லை. இருக்கைக்கு அடியில் ஓயாத ஒரு நடுக்கம். என்ஜின் சரியில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். காரிலேயே இடுப்பில் தெரிந்தது.

காரை ஓரமாக நிறுத்தினேன். அவள் மனம் நம்பிக்கொண்டது என்றேனே, அவள் மனம் ஒன்றையும் நம்பிக்கொள்ளவில்லை. இடுப்பு சரியாகவே சொன்னது. அத்தானும் சரியாகவே உணர்ந்தார். காரணத்தை மட்டும் பெட்ரோலில் தேடினார். நான் பெட்ரோலை நிறுத்தினேன். பெட்ரோலோடு அந்தச் சாலையும் நின்றுபோனது. இடுப்பெலும்பைப் புற்று அரித்துக்கொண்டிருந்தவளைக் கல் தெருவுக்குத் திருப்பி அனுப்பினேன். பதினொரு முறை. போக, வர.

6

முடிவுகள் இரண்டு கைவசம் இருக்கின்றன.

முதலாவதில் அத்தானிடம் போய்ச் சொல்கிறேன். என் நெஞ்சுப் பாரம் இறங்குகிறது. அதை அவர் வாங்கிக்கொள்கிறார். ஓட்டிப் போனவர் அவர்தானே. ஒவ்வொரு கல்லாக அந்தத் தெருவை மனசுக்குள் திரும்ப ஓட்டிக்கொண்டிருப்பார்.

இரண்டாவதில் சொல்லவில்லை. தன் மனைவி வெறும் பிரமையில்தான் சுகப்பட்டாள் என்றே அவர் கடைசி வரை நினைத்திருப்பார்.

எது நல்ல முடிவு? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுச் சன்னலுக்குக் கண்ணாடி போட வருகிறவரிடம் மட்டும் இந்தக் கதையைப் பற்றி வாய் திறக்காதீர்கள். தையற்காரர் என்று மாற்றி அச்சுக்குக் கொடுத்துவிடலாமா என்றுகூட

7

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். அளவுகோலை வைத்து, வைர முனையால் ஒரே கோடு இழுத்து, கண்ணாடியை மேசை விளிம்பில் தட்டி இரண்டாக்கினார். துண்டுகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"மாப்ள, நீ படிச்சவன், சொல்லு. அந்தப் பெட்ரோல நிறுத்தாம இருந்திருந்தா, அவளுக்கு வலி கொஞ்சமாச்சும் கொறஞ்சிருக்குமா?"

மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து என் கட்டுரைகள் அத்தனையும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இல்ல அத்தான்," என்றேன். "பெட்ரோல்ல ஒண்ணும் இல்ல."

அவர் தலையாட்டினார். அடுத்த கண்ணாடியை எடுத்து மேசையில் கிடத்தினார்.

தீர்ப்பு வழங்குவதாகச் சொல்லியிருந்தேன். அந்த பைக்குக்குச் சாதாரணப் பெட்ரோலே போதும்.