கடைசி ஃபைலின் இரைச்சல்

ஜெர்மனியில் இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்லி, எங்கள் லேபிலிருந்து அங்கே போன இன்பராஜைக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அவன் பதில் சொல்ல வேண்டும். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. எங்கள் பேராசிரியர் சாமுவேல் சார்தான் சொன்னார். சொன்ன கையோடு, "ஷர்மிளா, அவன் விட்டுட்டுப் போன ஃபைலெல்லாம் சீக்கிரம் முடிச்சிடும்மா, பேப்பர் அனுப்பணும்" என்றார். வயிற்றில் நெருப்பை வைத்துவிட்டு வேலையும் கொடுக்க அவரால்தான் முடியும்.

என் வேலை என்னவென்று ஆம்பூரில் யாருக்கும் இதுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. உடம்பின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் இருக்கிற சவ்வில் மிகச் சின்னக் கதவுகள் உண்டு. அயனி வாய்க்கால் என்று பெயர். லேபில் சேனல் என்போம். அது திறந்தால் துளியூண்டு மின்சாரம் ஓடும், மூடினால் நின்றுவிடும். நுனி மெலிந்த கண்ணாடிக் குழாயைச் செல்லின்மேல் ஒட்டவைத்து, ஒரே ஒரு சேனலின் மின்சாரத்தைப் பதிவு செய்தது இன்பா. அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, எப்போது திறந்தது, எவ்வளவு நேரம் மூடிக் கிடந்தது என்று பிரிப்பது நான். திரையில் கோடு இறங்கினால் திறப்பு, ஏறினால் மூடல்.

இதற்குப் போய்ச் சம்பளமா என்பார் அப்பா. அவர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். வெட்டுவதற்கு முன் தோலை விரித்துப் போட்டு, கீறல், உண்ணி கடித்த தழும்பு எங்கே இருந்தாலும் வட்டம் போட்டு ஒதுக்குவார். நானும் கோட்டில் அதையேதான் செய்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

நான் ஒதுக்குவதில் முக்கியமானது இரைச்சல். சுவரில் ஓடும் கரண்டு காற்றிலேயே வந்து பதிவில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கருவியைச் சுற்றிச் செம்புக் கம்பி வலையில் ஒரு கூண்டு, முன்னால் அதே வலையில் ஒரு திரை. திரையைத் திறந்து வைத்து ஆள் கிட்டே போனால் உடம்பே ஏரியல் ஆகிவிடும், கோடு தடிக்கும். விலகினால் மெலியும். ஆகவே லேபில் ஒரு சட்டம். பதிவு ஓடுகிறவரை கதவுக்கு வெளியே, மேலே, சிவப்பு பல்பு தானாக எரியும். அது எரிந்தால் சாமுவேல் சாரே ஆனாலும் கதவைத் தொடக் கூடாது, தட்டவும் கூடாது.

தினமும் நாலு மணிக்கு இன்பா பதிவை நிறுத்துவான், பல்பு அணையும், நான் இரண்டு டம்ளர் டீயோடு உள்ளே போவேன். ஆம்பூர்க்காரி என்றால் எல்லோரும் பிரியாணி கேட்பார்கள். அவன் ஒருநாளும் கேட்டதில்லை. டீயைக் குடித்துக்கொண்டு, அன்று சேனல் எப்படி அடம்பிடித்தது என்று மட்டும் சொல்லுவான். இரண்டு வருடம் அதைக் கேட்டதில் எனக்கு அவன்மேல் ஆசை வந்துவிட்டது. சேனலைப் பற்றிக் கேட்டு யாருக்காவது ஆசை வருமா? எனக்கு வந்தது.

போன வருடம் அவன் கிளம்பிய நாளிலும் டீ வாங்கி வந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். நாலு மணி ஆயிற்று. பல்பு அணையவில்லை. டீயில் ஆடை படிந்தது. ஐந்து மணிக்கு அவனுக்கு ஏர்போர்ட் கார் வரும். போகிற நாளிலும் இவனுக்குச் சேனல்தான் பெரிசா என்று பற்றிக்கொண்டு வந்தது. கார் வருவதற்குள் எழுந்து காட்பாடிக்குப் பஸ் ஏறிவிட்டேன். அங்கிருந்து ஆம்பூர் ரயிலில் குடியாத்தம் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், மேல்பட்டியில் முடியவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அழ வேண்டிய இடத்தில் அழாமல் ரயிலில் அழுதால் யார் கொடுப்பார்கள்? அதற்குப் பிறகு அவனோடு பேசியதெல்லாம் ஃபைல் நம்பர்தான்.

இன்று அந்தக் கடைசி நாளின் ஃபைலைத் திறந்தேன். முதலில் அழகான திறப்புகள். பிறகு கோடு அசையவில்லை. சேனல் செத்துவிட்டதா, நெடுநேரம் மூடிக் கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. காத்திருந்துதான் பார்க்க வேண்டும். காத்திருப்பதில் இன்பாவை மிஞ்ச ஆளில்லை. ஓட்டிக்கொண்டே போனேன். திடீரென்று கோடு தடித்துவிட்டது. கூண்டின் திரையைத் திறந்துவிட்டிருக்கிறான். அவனா இப்படி என்று திட்டிக்கொண்டே அந்தத் துண்டை வெட்டக் கர்சரை வைத்தேன். நேரத்தைப் பார்த்தேன். நாலு மணி.

அப்புறம் கோடு மெலிந்தது. தடித்தது. மறுபடி மெலிந்தது, தடித்தது. ஃபைல் முடிகிறவரை இதேதான். அன்று உள்ளே வேறு யாரும் இல்லை. கருவியின் பக்கத்திலிருந்து எழுந்து கதவுவரை போகிறான், திரும்பி வருகிறான். ஒரு மனுஷன் திறக்காத கதவுக்கு நடந்து நடந்து திரும்புவதை என் கம்ப்யூட்டரில் பார்த்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் நான் ஆறிய டீயோடு உட்கார்ந்திருந்தேன்.

போன் போட்டேன். அங்கே காலை.

"இன்னா ஷர்மி, எதனா பேஜாரா?" என்றான்.

"கடைசி ஃபைல்ல இரைச்சல் ஜாஸ்தியா இருக்குது."

"அத வெட்டிடு. சேனல் செத்துப்போச்சு."

"வெட்டுறது இருக்கட்டும். நாலு மணிக்குத் திரைய ஏன் தொறந்த? கதவாண்ட போய்ப் போய் ஏன் திரும்பி வந்த?"

"அதெல்லாமா தெரியுது?" என்றான்.

"இத்தினி வருஷமா நான் இன்னா வேல பாக்குறேன்?"

"நாலு மணிக்கு நீ வருவேன்னு இருந்தேன். வரல. நான் போறது உனக்குக் கோவம், என் மூஞ்சியப் பாக்கவே புடிக்கலன்னு நெனச்சேன். அதான் கதவத் தொறக்கல."

"டீய வச்சினு வெளியதான் உக்காந்துனு இருந்தேன். பல்பு எரிஞ்சினு இருந்திச்சி."

"அது எப்டி எரியும்? நான்தான் பதிவ நிறுத்திட்டேனே..."

சொல்லிக்கொண்டே நிறுத்தினான். நிறுத்தியிருந்தால் அவன் நடந்தது என் கம்ப்யூட்டரில் ஏது? அது அவனுக்கும் புரிந்துவிட்டது.

"என்கிட்ட இன்னா சொல்றதுக்கு அப்டி நடந்த?" என்றேன்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு அவன் நடக்கிற சத்தம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தது, மறுபடி போனது. அந்த நடை எனக்குத் தெரியும்.

"வெள்ளிக்கிழம வரைக்கும் நடக்காத இன்பா," என்றேன். "இப்ப பல்பு எரியல. சொல்லு."