நாலாவது பங்காளி

டோரீனின் புருஷன் ஜூலியனின் முப்பதாம் நாள் பூசையும் முடிந்தபின், ஒரு சனிக்கிழமை மத்தியானம் கந்தப்பன் கொட்டகலைத் தோட்டத்து லயத்துக்கு வந்தான். ஆட்டோவை ரோட்டோரம் விட்டுவிட்டு மழையில் நனைந்துகொண்டே படியேறி வந்தவன், வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னான்.

“அக்கா, கூட்டுல அண்ணனோட பங்கு அப்படியே கெடக்கு. மாஸ்டர் உங்கள ஒருக்கா வந்துட்டுப் போகச் சொன்னாரு.”

எந்தக் கூட்டு என்று டோரீன் கேட்கவில்லை. அவளும் ஜூலியனும் போட்ட சண்டைகளில் பாதி அதைப் பற்றியதுதான். ஹட்டனில் நாலு ஆம்பிளைகள் ஒன்றாகக் காசு சேர்த்து, எங்கேயோ தென்னாபிரிக்காவில் ஓடுகிற குதிரைகள்மேல் பந்தயம் கட்டுவார்கள். சனிக்கிழமை சோறு தின்ற கையோடு ஜூலியன் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினால் இருட்டிய பிறகுதான் கொட்டகலைக்குத் திரும்புவான். அதற்குள் அவள் விறகு சுமந்து, மலைத்தண்ணி விழும் பீலிக்கரையில் வரிசையில் நின்று துவைத்து, ராத்திரிச் சமையலையும் முடித்திருப்பாள். சனிக்கிழமை மத்தியானம் வரையும் மற்ற நாள் முழுக்கவும் பிள்ளை மடுவத்தில் ஆயம்மாவாக, கொழுந்தெடுக்கப் போனவர்களின் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிருக்கும்.

‘போய் ஒரேயடியாக முடித்துக்கொண்டு வந்துவிடுவோம்’ என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கூட்டு கூடுகிற இடம் முத்துலிங்கத்தின் தையற்கடை மாடி. துணிக்கட்டுகளுக்கு நடுவே நாலு நாற்காலிகள். ஜன்னலைத் திறந்தால் எதிரே பந்தயம் பிடிக்கிற புக்கிக் கடை. பங்காளிகளில் இளையவனான கந்தப்பன்தான் ஓடிப்போய்ப் பந்தயத்தை எழுதிவிட்டு வருவான். ரேஸை முத்துலிங்கத்தின் போனில் பார்ப்பார்கள். குதிரை பார்ப்பது இராசரத்தினம் மாஸ்டரின் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து கணக்குப் படிப்பிக்க வந்தவர், பென்ஷன் எடுத்த பிறகும் ஊர் திரும்பாமல் ஹட்டனிலேயே தங்கிவிட்டார்.

“இருங்கோ தங்கச்சி. உது ஜூலியன்ர கதிரைதான்” என்றார் மாஸ்டர். “அவர்ர பங்கை நீங்கள் இப்பவே கொண்டுபோகலாம். இல்லாட்டி அவர்ர இடத்தில நீங்களே இருக்கலாம். இஞ்ச ஒரே ஒரு சட்டம்தான். நாலு பேரும் ஓமெண்டால்தான் பந்தயம்.”

“எனக்குக் குதிரையும் தெரியாது, ஒண்ணும் தெரியாதுங்க. பங்கக் குடுத்தீங்கன்னா நான் போயிருவேன்.”

“இந்த ரேஸ் முடியட்டும் அக்கா” என்றார் முத்துலிங்கம். “மழையும் விடட்டும்.”

டோரீன் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் சாய்மானத்துக்குப் பழைய கம்பளி ஒன்றை மடித்துப் போட்டிருந்தார்கள். சாய்ந்ததுதான் தெரியும். கண்விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே கடைகளில் விளக்கெரிந்தது. அவள்மேல் யாரோ ஒரு சால்வையைப் போர்த்தியிருந்தார்கள். மூன்று ஆம்பிளைகளும் போனின் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, தலையோடு தலை முட்ட ஊமைக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஜூலியனும் உப்பிடித்தான்” என்றார் மாஸ்டர். “பாதி நாள் நித்திரை. எழுப்பிக் கேட்டால் ‘சரி போடுங்க’ எண்டுவார்.”

டோரீனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. இந்த மனுஷன் குதிரைக்காக வரவில்லை. உட்காருவதற்கு வந்திருக்கிறான். அவளைப் பீலிக்கரையில் நிறுத்திவிட்டு, இத்தனை வருஷமும் இங்கே வந்து கம்பளியில் சாய்ந்து தூங்கியிருக்கிறான். ‘வா, நீயும் கொஞ்சம் உட்காரு’ என்று ஒருநாள் சொல்லியிருப்பானா? செத்தவனிடம் சண்டை பிடிக்கவும் முடியாது.

பங்கைக் கேட்காமலே எழுந்தாள். “அடுத்த கெழம எத்தன மணிக்குங்க?” என்றாள்.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் டெல்சி போனில் கத்தினாள். “அப்பாவ அந்தப் பேச்சுப் பேசின நீயாம்மா இப்ப அங்க போற? கோயில்ல யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவ?”

“ஒக்காந்துட்டு வர்றேன்னு சொல்லுவேன்” என்றாள் டோரீன். மகளுக்கு அது விளங்கவில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமைகள் ஒன்றுபோலவே கழிந்தன. மாஸ்டர் குதிரையைச் சொல்வார், மற்றவர்கள் சரி என்பார்கள், டோரீனும் தலையாட்டுவாள். சிலது ஜெயித்தது, பலது தோற்றது. யாரும் துள்ளிக் குதிக்கவுமில்லை, தலையில் கைவைக்கவுமில்லை.

ஆடி மாதத்து அடைமழையில் ஒருநாள் கந்தப்பன் ஒரு குதிரையைச் சொன்னான். அதன் பெயர் லாங் ரெயின். “நம்ம ஊருக்கு ஏத்த பேரு மாஸ்டர்” என்றான். வழக்கம்போலச் சிரித்துத் தள்ளிவிடாமல் மாஸ்டர் ரேஸ் பேப்பரை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“பெடியன் சொல்லுறதில விஷயம் இருக்கு. நல்ல குதிரை. இண்டைக்குக் கூட்டுக்காசு முழுக்க இதில வைப்பமே?”

முத்துலிங்கம் சரி என்றார். கந்தப்பனின் முகம் விரிந்துபோயிற்று. அவன் எழுந்தபோது முத்துலிங்கம் சொன்னார்: “ஓடு, ஓடு. அக்கா சரின்னுதான் சொல்லுவாங்க. போய் எழுது.”

அன்றைக்குக் காலையிலிருந்தே டோரீனுக்கு அப்படித்தான். மடுவத்து மற்ற ஆயம்மா வரவில்லை; ‘டோரீன் பாத்துக்கும்’ என்று கங்காணி சொல்லிவிட்டுப் போனார். கோயில் மாதா சபைக் கூட்டத்துக்கு யார் சமைப்பது என்ற பேச்சு வந்தபோதும் அவளைக் கேட்காமலே அவள் பெயரைச் சொன்னார்கள்.

“கேக்காமலே எப்புடிங்க தெரியும்?” என்றாள்.

மூவரும் திரும்பினார்கள்.

“நான் இல்லன்னு சொல்றேன்.”

“ஏன் தங்கச்சி?” என்றார் மாஸ்டர்.

“காரணம் ஒண்ணுமில்லீங்க. எனக்கு வேணாம்.”

“ஜூலியன் இருந்தா சரின்னு சொல்லியிருப்பான்” என்று முனகினார் முத்துலிங்கம்.

“அவருதான் இல்லியே.”

கந்தப்பன் எழுந்த இடத்திலேயே நின்றான். சட்டம் சட்டம்தான். பந்தயம் எழுதவில்லை. லாங் ரெயின் தொடக்கத்திலிருந்தே முன்னால் ஓடி, மற்றக் குதிரைகள் கிட்டவே வராதபடி ஜெயித்தது. முத்துலிங்கம் போனை அணைத்துவிட்டுத் துணி வெட்டப் போனார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “ரேஸ் எண்டால் உப்பிடித்தான்” என்றார். கந்தப்பன் ஆட்டோச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

திரும்பும்போது மழை ஆட்டோவின் இரண்டு பக்கமும் அடித்தது. பாதி வழியில் டோரீனுக்குப் பொறுக்கவில்லை.

“திட்டணும்னா திட்டிரு தம்பி.”

“காசுக்காக இல்லக்கா.” அவன் திரும்பாமலே சொன்னான். “இத்தன வருஷத்துல நான் சொன்ன குதிரைய மாஸ்டர் நல்ல குதிரன்னு சொன்னது இன்னைக்குத்தான்.”

‘இல்லை’ என்று சொன்னதற்காக அவளால் வருந்த முடியவில்லை. அது யார் தலையில் விழுந்தது என்பதற்காகத்தான் வருத்தம். அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், இறங்கும்போது “பாத்துப் போ” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். பஸ்ஸில் போய்விடலாமென்று குடையோடு இறங்கி வந்தால், ரோட்டில் ஆட்டோ நின்றது. ஹட்டன் வரைக்கும் அவன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். மாடியில் மாஸ்டர் ஒரு குதிரையைச் சொன்னார். முத்துலிங்கம் இந்தமுறை முதலில் அவள் பக்கம் திரும்பி, “நீங்க என்ன சொல்றீங்க அக்கா?” என்று கேட்டார்.

“கந்தப்பன் ஒண்ணு சொல்லட்டும்” என்றாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல” என்று அவன் முறுக்கிக்கொண்டான். அவள் விடவில்லை. கடைசியில் பேப்பரைப் பார்க்காமலே ஏதோ ஒரு பெயரை எறிந்தான்.

“உதோ! உது நடக்கிறதே பெரிய காரியம்” என்றார் மாஸ்டர்.

“நான் சரிங்கிறேன்.”

முத்துலிங்கமும் சரி என்றார். மாஸ்டர் பெருமூச்சு விட்டு, “சரி, ஓம்” என்றார். கந்தப்பன் வேண்டாவெறுப்பாய் எழுந்துபோய்ப் பந்தயத்தை எழுதிவிட்டு வந்தான். அந்தக் குதிரை கடைசிக்கு முந்தினதாக வந்தது. அதற்குப் பின்னால் வந்தது சவாரிக்காரனைக் கீழே தள்ளிவிட்டு வெறும் முதுகோடு வந்த குதிரை.

கந்தப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“இதுக்கு நீங்க இல்லன்னு சொல்லியிருக்கணும் அக்கா.”

“சொல்லியிருக்கலாம்” என்றாள் டோரீன். மாஸ்டர் அடுத்த ரேஸின் பக்கத்தைப் புரட்டினார்.