பூட்டுக்காரரின் வாக்குமூலம்

பூட்டு ரிப்பேர் செய்கிறவருக்குக் கொழுப்பு ஏறினால் அவர் பாடு திண்டாட்டம்தான். நம் பூட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து எட்டு வருடம். மாத்திரை, நடை என்று அதை ஒரு வழியாகக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். ரத்தக் கொழுப்பு மட்டும் இறங்கமாட்டேன் என்று அடம் பிடித்தது. போன முறை எடுத்த ரத்தம் குழாயில் தெளிந்தபோது மேலே பால் மாதிரி வெள்ளையாக நின்றதாம்.

மனைவி சும்மா இருப்பாளா? வெண்ணெய், பிஸ்கட், முந்திரி எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அடுத்த ரிசல்ட்டும் ஏறித்தான் வந்தது.

"பூட்டுல ஒரு கீறல்கூட இல்ல" என்றாள்.

"நான் தொடலைடி, அதான் கீறல் இல்ல!"

"தொழில் தெரிஞ்சவங்க திறந்தா எப்படிக் கீறல் விழும்?"

இந்தக் கேள்விக்கு எந்த வக்கீலாலும் பதில் சொல்ல முடியாது. பாவம், மனுஷன் தன் கடையிலிருந்தே நம்பர் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து, அவளையே நம்பர் வைக்கச் சொன்னார். கொழுப்பு இன்னும் ஏறியது. நம்பர் பூட்டைத் திறக்கத் தெரியுமா என்று பக்கத்து வீட்டுக்காரர் வேறு கேட்டுத் தொலைத்தார். தெரியாது என்றால் தொழில் போச்சு, தெரியும் என்றால் மானம் போச்சு. ஆறு மாதமாக வாய்க்கு ருசியாக ஒரு வாய் சாப்பிடாமல் திருட்டுப் பட்டம் மட்டும் கட்டிக்கொண்டு திரிந்தார்.

கடைசியில் டாக்டரம்மாதான் சந்தேகப்பட்டு பூட்டுக்காரருடைய தங்கையின் ரத்தத்தையும் பார்க்கச் சொன்னார். தங்கை தபால் ஆபீஸில் வேலை செய்கிற ஒல்லிக்குச்சி. சாப்பாட்டைக் கண்டாலே முகம் சுளிப்பவள். அவளுடைய குழாயிலும் அதே பால்!

"சர்க்கரை இருந்தாலே கொழுப்பு கொஞ்சம் கூடும். உங்களுக்கு அதுக்கு மேல பரம்பரை வேற. ஜீன்லயே இருக்கு. ஈரல் தேவைக்கு மேல கொழுப்பைத் தயாரிக்குது. பத்தியம் மட்டும் போதாது, மருந்தை மாத்தணும்" என்றார் டாக்டரம்மா.

பூட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "இதை அப்படியே என் வீட்டுக்காரிகிட்ட சொல்லுங்க டாக்டரம்மா!" என்று கெஞ்சி, மறுநாளே மனைவியையும் மகளையும் இழுத்துக்கொண்டு வந்தார். புதுச் சட்டை வேறு.

டாக்டரம்மா எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். பூட்டுக்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அப்பாடா, என்ன சுகம்!

"இது பிள்ளைங்களுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. மகளுக்கும் இப்பவே ரத்தம் எடுத்துடலாம்."

அவர் முகம் செத்துப்போனது. மகளுக்கு இருபத்திரண்டு வயது. நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை.

"டாக்டரம்மா, நான் திருடித்தான் தின்னேன்."

"என்னது?"

"வெண்ணெய். கரண்டி கரண்டியா. பரம்பரையாவது கிரம்பரையாவது! இவளுக்கு ஊசியெல்லாம் வேண்டாம்."

"அப்ப உங்க தங்கச்சி?"

"அவளும் திருடித் தின்னிருப்பா! அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். மனைவி சிரிக்கவில்லை.

"பொய் சொல்றார் டாக்டரம்மா. அலமாரில இருக்கிற முந்திரியைத் தினமும் காலைல எண்ணுறேன். நூத்து முப்பத்தெட்டு. ஆறு மாசமா ஒண்ணுகூடக் குறையல. வெண்ணெய் டப்பா பிரிக்கவே இல்ல. ரிசல்ட்டைப் பாத்துப் பயந்துபோய்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்." அவள் கணவன் பக்கம் கையைக் காட்டினாள். "இவர் எதையும் தொடல."

ஆறு மாதமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஏங்கினார். இப்போது அது காதில் விழுந்தபோது அழுகைதான் வந்தது.

"முன்னாடியே தெரிஞ்சா நல்லதுதானேய்யா, சுலபமா சமாளிச்சுடலாம்" என்று டாக்டரம்மா சமாதானம் சொன்னார். நர்ஸ் ஊசியோடு வந்து நின்றாள்.

"கையை விடுங்கப்பா" என்றாள் மகள்.

அப்போதுதான் தான் மகளின் கையை இறுக்கிப் பிடித்திருப்பது அவருக்கே தெரிந்தது. அதை விட்டுவிட்டு, அந்தப் பக்கம் சுற்றிப் போய் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.