மேலேயா, கீழேயா

அல்மாத்தியில் வீடு தேடுகிறவர்களிடம் கேட்கும் முதல் கேள்வியே "மேலேயா, கீழேயா?" என்பதுதான். மேலே மலையடிவாரம், காற்று சுத்தம், வாடகை ஆளை விழுங்கும். கீழே குளிர்காலம் முழுக்கக் கரிப்புகை. எனக்கு ஏழாம் மாதம். என் கணவர் பக்லானுக்கு எண்ணெய் வயலில் வேலை, பதினைந்து நாள் அங்கே, பதினைந்து நாள் வீட்டில். அவர் இல்லாதபோது வலி வந்துவிட்டால் என்ன செய்வேன் என்பது என் பயம். குழந்தை புகையைக் குடித்து வளருமே என்பது அவர் பயம். எங்கள் ஊர் கிஸிலோர்தாவிலிருந்து ரயிலில் வரும் வழியெல்லாம் இதே சண்டை.

மேலே பார்த்த வீடு எலிவளை அளவு. மாடிப்படியில் எதிரே வந்த பெண்ணுக்கு சலாம் சொன்னேன். என் வயிற்றைப் பார்த்துவிட்டு, காதில் செருகியிருந்ததைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

"இதையே எடுத்துக்கலாம், ரவ்ஷான். ஜன்னலத் திறந்தா மலை."

"பிரசவம் யாரு பாக்குறது? மலையா?"

மனுஷருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனாலும் பெட்டியும் மெத்தை மூட்டையுமாகக் கீழே வந்து இன்னொரு வீட்டைப் பார்த்தோம். வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டு, நிதானமாகப் பாருங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். மூட்டையை இறக்கி வைக்கிறேன், எதிர் வீட்டு அம்மாள் குல்யாஷ் வந்து நிற்கிறார்.

"வந்துட்டீங்களா? இன்னைக்கு ஆள் வருதுன்னு வீட்டுக்காரன் சொன்னதுமே கறிய அடுப்புல ஏத்திட்டேன். வா மருமகளே, இன்னைக்கு நீ அடுப்பு மூட்டக் கூடாது."

மணமாகி வந்த பெண் எங்களில் எல்லோருக்கும் மருமகள்தான். புதிதாகக் குடிவந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டார் போடும் எருலிக் விருந்து அது. அதைச் சாப்பிட்டுவிட்டு வேறு தெருவில் குடியேறினால் ஊர் காறித் துப்பும்.

"இன்னும் முடிவு பண்ணலக்கா, சும்மா பாக்கத்தான்..." என்று இழுத்தார் பக்லான்.

"பாத்துக்கிட்டே தின்னு தம்பி. பாக்குறது கண்ணு, திங்குறது வாய். ரெண்டுக்கும் என்ன சண்டை?"

குல்யாஷ் வீட்டில் குதிரைக்கறித் தட்டின் முன் உட்கார்ந்தோம். நான் வெட்கமில்லாமல் தின்றேன். அவர் கை வைக்கவில்லை. திடீரென்று கேட்டார்:

"அக்கா, நான் பாதி மாசம் ஊர்ல இருக்க மாட்டேன். அப்ப இவளுக்கு வலி எடுத்தா?"

"வெந்நீர்க் குழாய்ல கரண்டியால தட்டச் சொல்லு. நாலு மாடிக்கும் ஒரே குழாய்தான்."

பக்லான் நம்பினால்தானே! கரண்டியை எடுத்துக்கொண்டு எதிரேயிருந்த காலி வீட்டுக்குள் போனார். டங், டங், டங். எனக்கு மானம் போயிற்று.

மேலே ஒரு கதவு திறந்தது. கீழே இரண்டு. முகத்தில் பாதிச் சவர நுரையோடு ஒருவர் ஓடி வந்தார். பின்னால் மாவுக் கையோடு ஒரு பெண்.

"யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. புது மருமக, ஏழு மாசம். புருஷன் குழாயச் சோதிக்கிறான்," என்றார் குல்யாஷ்.

திட்டப்போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நுரைக்காரர் மூச்சு வாங்கியபடி, "வாசல்ல நிக்கிற பச்சைக் கார் என்னுதுதான் தம்பி. எந்நேரமும் எடுக்கலாம்," என்றார்.

பக்லான் கரண்டியும் கையுமாக நின்றார். கண் கலங்கியிருந்தது.

"புகை வந்தா ஜன்னலச் சாத்திக்கலாம், ரவ்ஷான்," என்றார்.