கை யார் கொடுக்கிறது

கணவன் சக்கரபாணி இருந்தவரை காசியம்மாள் மல்லாட்டை மண்டிக்குள் கால் வைத்ததில்லை. அவன் செத்த வருஷம் கொழுந்தன் தசரதன்தான் வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வந்து, "வெல கம்மி அண்ணி" என்றான். பக்கத்துக் கழனிக்காரர்கள் ஜாஸ்திக்கு விற்றிருந்தார்கள். ஏன் என்று கேட்டாள்.

"உனக்கு இன்னா தெரியும்? பேசாம கழனிய எங்கிட்ட வாரத்துக்கு வுட்டுடு. பொம்பள பயிரு வெப்பா, விக்க முடியுமா?"

வாரத்துக்கு விட்டால் பாதி விளைச்சல் மட்டுமா போகும்? உழுகிறவனை நிலத்திலிருந்து எழுப்பக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஏழைக் குத்தகைக்காரனுக்காக வந்த சட்டம். அது தசரதனுக்கும் நன்றாகத் தெரியும்.

அதனால் இந்த வருஷம் அடி அண்ணாமலையிலிருந்து அவளே வண்டி கட்டிக்கொண்டு திருவண்ணாமலை மண்டிக்கு வந்தாள். தானே விற்றுக் காட்டிவிட்டால் அவன் வாயடைத்துப் போவான்.

மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவர் தோள் துண்டை விற்கிறவன் கைமேல் போட்டு, உள்ளே விரல்களைப் பிடிப்பார். எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் விலை. சக்கரபாணி வீட்டுக்கு வந்து அவள் விரல்களைப் பிடித்து அன்றைய பேரத்தைச் சொல்லிக் காட்டுவான். அந்தப் பாஷை அவளுக்கு அப்படி வந்தது.

மண்டிக்காரர் அருணகிரி ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டார். முகம் மலர்ந்தது. துண்டை உருவிக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"கை யாரும்மா குடுக்கறது?"

"நாந்தாங்க."

"ஏம்மா, உன் கையப் புடிச்சேன்னு தெரிஞ்சா எம் பொண்டாட்டி ராத்திரிக்குச் சோறு போடுவாளா?"

மண்டியே சிரித்தது. "சோறு இல்லன்னா பரவால்ல மொதலாளி, வீட்டுக்குள்ள வுடுவாங்களா கேளுங்க!" என்றான் ஒரு மூட்டை தூக்குகிறவன்.

"அப்ப வாயால சொல்லுங்க" என்றாள்.

"வாயால சொல்றதா இருந்தா நாங்க எதுக்கு மண்டி வெச்சுக்கினு இருக்கோம்?"

அவள் சட்டென்று துண்டுக்குள் கையை விட்டு அவர் விரல்களைப் பிடித்தாள். தனக்கு வேண்டிய விலையை அழுத்திச் சொன்னாள். அருணகிரி தேள் கொட்டினவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். சிரிப்பு நின்றது.

"சரிங்க, கவர்மெண்டு கூடத்துலயே வித்துக்கறேன்" என்றாள்.

"போ. அங்க வாங்கறதுக்கு டெல்லியிலேர்ந்தா வருவாங்க? நாங்கதான் வரணும்."

அரசு விற்பனைக்கூடத்தில் துண்டு கிடையாது. வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். சிமெண்டுத் தரையும் பெரிய தராசும் பார்த்ததும் அவளுக்குத் தெம்பு வந்தது. மதியம் அதே முகங்கள் வந்தன. எல்லார் குவியலுக்கும் சீட்டு விழுந்தது, அவளுடையதைத் தவிர.

"யாரும் போடலைங்களே" என்றான் கிளார்க்கு. நல்ல பையன்தான்.

"கேக்க மாட்டீங்களா சார்?"

"வாங்கித்தான் ஆவணும்னு ரூல் இல்லைங்க."

சாயங்காலம் தசரதன் சைக்கிளில் வந்து இறங்கினான். அருணகிரி ஆள் அனுப்பியிருந்தார். இருவரும் வாசலில் நின்று பீடி குடித்தார்கள். பிறகு பெட்டியில் ஒரு சீட்டு விழுந்தது. போன வருஷ விலைதான்.

தராசில் மூட்டை ஏறியது. கிளார்க்கு தலை நிமிர்ந்தான்.

"உழுது பயிர் வெச்சது யாருங்க? ரசீதுல எழுதணும். விவசாயி பேர்லதான் பணம் குடுப்போம். தரகருங்க வந்து ஏமாத்தக் கூடாதுன்னு ரூல்."

"நான்தான்" என்றான் தசரதன்.

கிளார்க்கு காசியம்மாளைப் பார்த்தான். அவள் இல்லை என்று சொன்னால் அருணகிரி வாங்க மாட்டார், மூட்டை திரும்ப வண்டிக்கு ஏறும். மல்லாட்டை பிடுங்கிய பெண்கள் கூலிக்காக வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

"சொல்லும்மா, யாரு?"

"எங் கொழுந்தன்தாங்க."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

சொன்னாள்.