பத்துக்குக் கீழே

தம்பியின் வெற்றிலைப் பையையும் கவாத்துக் கத்தியையும் பாடையின் தலைமாட்டில் வைத்த இருளப்பன், மாடத்தில் கிடந்த அந்த மஞ்சள் மிசினையும் எடுத்தார். கருப்பம்மா எழுந்து போய் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். விடிந்ததிலிருந்து சுவரோடு ஒட்டிக் கிடந்தவள் எழுந்த வேகத்தைப் பார்த்து, ஒப்பாரி வைத்தவர்களே ஒரு மூச்சு நிறுத்தினார்கள்.

"அவன் சாமான் அவனோட போகட்டும் கருப்பம்மா. ஊட்டுல வெச்சிக்கிறது நல்லதில்ல."

"இது இருக்கட்டும் அத்தான்."

"இத வெச்சிக்கிட்டுதான அந்தப் பொட்டியத் தேடிப் போனான்?"

அதனால்தான் அவளுக்கு அது வேண்டும். இடுப்பில் செருகி மேலே முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, பழையபடி சுவரோரம் போய் உட்கார்ந்தாள். உள் அறையில் பதினாறு வயது மகள் கோகிலவாணி கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து காய்ச்சல். அப்பனுக்கும் இப்படித்தான் நடுக்கத்தில் தொடங்கியது.

தேயிலை விலை விழுந்து நாலு வருசம் ஆகிறது. எஸ்டேட்டைப் பூட்டி ஒன்றரை வருசம். கொழுந்து எடுக்க ஆளில்லாமல் செடியெல்லாம் மரமாகிவிட்டது. போன பனிக்காலத்தில் பங்களாவில் வந்து தங்கிய ஜெர்மன்காரர் ஒருவர், காட்டுப் பாதை தெரிந்த ஆள் வேண்டுமென்று அவள் புருசன் பாலுவைக் கூட்டிப் போனார். ஊருக்குத் திரும்பும்போது வழி காட்டுகிற தன் பழைய மிசினை அவன் கையில் கொடுத்து, ஏழாம் நம்பர் மலையில் ஒரு பெட்டியை ஒளித்துவைத்திருக்கிறேன், முடிந்தால் கண்டுபிடி என்று சிரித்துவிட்டுப் போனார்.

"பொட்டில என்னா இருக்கும்? தங்கமா?" என்று கேட்டாள் கருப்பம்மா.

"பொம்ம, காசு, பாசிமணி. அப்புறம் ஒரு நோட்டு. கண்டுபிடிச்சவன் அதுல பேரெழுதிட்டு, இருந்த எடத்துலயே வெச்சிட்டு வந்துரணும்."

"வெச்சிட்டு வர்றதுக்கா தேடுறீங்க?"

"அதான் வெளையாட்டு. ஒலகம் பூரா ஆடுறாங்களாம்."

"அடுப்பு மேட்டுல இருக்கற உப்பு டப்பா ஒரு நாளாச்சும் ஒங்க கண்ணுல பட்டிருக்கா? வெள்ளக்காரன் ஒளிச்சது மட்டும் தெரியப்போகுதாக்கும்."

முதல் நாள் மிசினில் அம்பு காட்டிய திசையிலேயே நேராக நடந்து ஓடையில் விழுந்து வந்தான். இரண்டாம் நாள் அட்டை ஏறிய காலோடு வந்து, வேறு பாறையை மத்தியானம் வரை தடவிவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டான். வேலையில்லாத மனுசன் சாராயக் கடைக்குப் போகாமல் இதையாவது செய்கிறானே என்று அவளும் விட்டுவிட்டாள். அவனே சாயங்காலத்தில் மிசினை அவள் மடியில் வைத்துச் சொல்லிக்கொடுப்பான். "இந்தப் பித்தான ரெண்டு தரம் அமுக்கு. அம்பு வருதா? பக்கத்துல போகப் போக நம்பரு கொறையும். ஆனா பத்து வரைக்கும்தான் இவரு வழி சொல்லுவாரு. பத்துக்குக் கீழ போனா இவருக்கே தெரியாது. அப்புறம் கைதான் தேடணும்."

மூன்றாம் தரம் போனபோது அடைமழை. சொட்டச் சொட்ட வந்து நின்றவன் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"எழுதிட்டேன் புள்ள! எம் பேரு, ஒம் பேரு, கோகிலா பேரு. மூணும் ஒரே வரில."

துண்டை எடுத்துக் கொடுக்கப் போன கருப்பம்மா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். தெரியாதவன் தாளில் பேர் ஏறினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கண்டி மலையில் அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது குடியிருந்த லயத்து வாசலில் மேசை போட்டுப் பேர் எழுதினார்கள். ஆறாம் மாதம் தலைமன்னாரில் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இங்கே வந்த பிறகு, எஸ்டேட்டைப் பூட்டும் முன்னால், ஆபீஸ் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். அதில் பேர் இருந்தவர்களுக்கு மறுநாளிலிருந்து வேலை இல்லை.

"கோகிலா பேர எதுக்கு எழுதினீங்க?"

"நீ கத்துக்குடுத்த எழுத்துதான? கைநாட்டு வெச்சே கெழவனாகியிருப்பேன். மொத மொதல்ல ஒரு நோட்டுல எழுதறேன், தனியா எழுத மனசு வரல."

அன்று ராத்திரியே அவனுக்கு நடுக்கம் கண்டது. மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டியது. மண்சரிவில் ரோடு அடைபட்டு, கூடலூரிலிருந்து ஜீப் வந்து சேர்ந்தபோது ஆறாம் நாள் விடிந்திருந்தது. அவன் இல்லை.

பக்கத்து வீட்டு இசக்கியம்மா மூக்கைச் சிந்திவிட்டு, காதோரம் குனிந்து சொன்னாள். "பொம்மையும் பாசியும் பேரெழுதின தாளும் ஒரு பொட்டில போட்டு மலையில பொதச்சு வெக்கிறதுக்கு வெளையாட்டுன்னா பேரு? நாங்கேட்டதில்லடி. மூணு பேரு ஒரே வரின்னியே. ஒண்ணு போயிருச்சு." அப்புறம் உள் அறைப் பக்கம் பார்த்தாள்.

தப்பு முழங்க ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பெண்கள் பாதை முக்குவரை போய் அழுது திரும்பி, வீட்டைக் கழுவிவிட்டு, தண்ணீர் விழும் பீலிக்கரையில் தலை முழுகினார்கள். கருப்பம்மா ஈரச் சேலையோடு லயத்துப் பின்பக்கமாக ஏறினாள்.

"எங்கடி போற?" இசக்கியம்மா குரல் பின்னால் வந்தது. கருப்பம்மா இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

இசக்கியம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். "கோகிலாகிட்ட நா இருக்கேன். வெளிச்சத்தோட வந்துரு. வரும்போது திரும்பிப் பாக்காத."

பித்தானை இரண்டு தரம் அமுக்கினாள். 612.

தேயிலை தலைக்கு மேல் வளர்ந்து கிடந்தது. முன்பு கொழுந்துக் கூடையோடு கண்ணை மூடிக்கொண்டு நடந்த பாத்தி இப்போது குகை மாதிரி இருந்தது. 540. பனி கீழிருந்து ஏறி வந்தது. 433. சாணி ஆவி பறக்கக் கிடந்தது. காட்டெருமை இப்போதுதான் போயிருக்க வேண்டும், அல்லது போகவில்லை. அவள் நின்றாள். செடிக்குள் எதுவோ ஒரு தரம் மூச்சை உதறியது. நம்பர் மாறவில்லை. அவள் நகர்ந்தால்தான் அதுவும் நகரும். 'ஏங்க' என்று வாய்க்குள் வந்தது. யாரைக் கூப்பிடுகிறோம் என்று உறைத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

கீழே தப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. 200 என்று காட்டும்போது அது நின்றது. மண் போடுகிறார்கள்.

90. 41. 17. சோலையின் ஓரத்தில் யானை படுத்த மாதிரி ஒரு பாறை. 9. இன்னும் ஓரடி வைத்தாள். 12. திரும்பினாள். 8. அம்பு கிறுகிறுவென்று சுற்றியது.

இனிமேல் கைதான்.

பாறை இடுக்கில் கையை விட்டாள். சில்லென்று வழவழத்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பாசிதான். அடுத்த இடுக்கில் முழங்கைவரை விட்டாள். மூன்றாவதில், சருகுக்குக் கீழே, விரல் பிளாஸ்டிக்கில் இடித்தது.

மூடியைத் திறந்ததும் ஒரு கை இல்லாத பொம்மை அவளைப் பார்த்துச் சிரித்தது. தொடாமல், ஒரு சுள்ளியால் அதை ஓரமாக ஒதுக்கினாள். வேற்று நாட்டுக் காசு, பாசிமணி, பென்சில். பிளாஸ்டிக் பைக்குள் நோட்டு.

இங்கிலீசில் நாலைந்து வரி. அதற்குக் கீழே அவன் எழுத்து. அறிவொளி வகுப்பில் நாற்பது வயதில் தான் படித்ததை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். 'லு'வுக்குச் சுழி போடத் தெரியாமல் வாலை நீட்டி இழுத்திருந்தான். பாலு. கருப்பம்மா. கோகிலவாணி. தாள் கிழிகிற மாதிரி அழுத்தியிருந்தான்.

தாளைக் கிழித்து ஓடையில் விட்டுவிட வேண்டுமென்றுதான் வந்தாள். ஓரத்தைப் பிடித்தாயிற்று. பிடித்த கை அப்படியே நின்றது. ரேசன் கார்டு, சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் அவன் பெருவிரல்தான் இருக்கிறது.

பென்சிலின் முனையில் ரப்பர் இருந்தது. கோகிலவாணியை மட்டும் அழித்தாள். கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை, பக்கத்து எழுத்தில் படாமல். எழுத்து போயிற்று. அழுத்திய பள்ளம் போகவில்லை. தாளைச் சாய்த்துப் பார்த்தால் மகள் பேர் அங்கேயே இருந்தது. மறுபடி தேய்த்தாள். தாள் மெலிந்து மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. இன்னும் தேய்த்தால் ஓட்டை விழும். பள்ளம் இருந்தது.

பனி பாறைவரை வந்துவிட்டது. ஈரச் சேலை காலோடு ஒட்டியது. செடிக்குள் மறுபடி அந்த மூச்சு, இப்போது கிட்டத்தில்.

கருப்பம்மா பென்சிலைத் திருப்பிப் பிடித்தாள். மகள் பேர் இருந்த பள்ளத்தின் மேலேயே, அவனைவிட அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். கருப்பம்மா. எழுதி முடித்து வரியை விரல் வைத்துப் படித்தாள். பாலு கருப்பம்மா கருப்பம்மா.

நோட்டைப் பைக்குள் போட்டாள். பொம்மையைக் கையாலேயே எடுத்து உள்ளே வைத்தாள். மூடியைக் கிளிக்கென்று அமுக்கி, இருந்த இடத்திலேயே தள்ளி, சருகைப் போட்டு மூடினாள்.

இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. மிசினை எப்படி அணைப்பது என்று அவன் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. உள்ளங்கையில் அது விழித்துக்கொண்டே வந்தது. 9. 14. 30. அம்பு இப்போது சுற்றவில்லை. அவள் எந்தப் பக்கம் வளைந்தாலும் கூடவே வளைந்து, அவள் முதுகுக்குப் பின்னாலேயே காட்டிக்கொண்டு வந்தது.